ஸ்பானிஷ் வினைச்சொற்கள்: தமிழ் எங்கே கைகொடுக்கிறது, எங்கே காலை வாரிவிடுகிறது?

#1 வைகைக்கரை

வணக்கம். மெக்சிகோவில் குவாதலஹாராவுக்கு வேலைக்காக வந்து ஏழு மாதம் ஆகிறது. அலுவலகத்தில் ஆங்கிலமே போதும். வீட்டுக்காரம்மா, காய்கறிச் சந்தை, பஸ், மருந்துக்கடை என்று மற்ற எல்லா இடத்திலும் ஸ்பானிஷ்தான். ஊரில் இருக்கும்போதே ஆங்கில வழிப் புத்தகம் ஒன்றை வைத்து ஆறு மாதம் படித்தேன். பெயர்ச்சொற்கள் சமாளித்துக்கொள்ளும் அளவுக்கு வந்துவிட்டன. வினைச்சொல்தான் தினமும் மாட்டிவிடுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை உடன் வேலை பார்க்கும் தோழி தன் அம்மா வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். கிளம்பும் முன் போனில் "ஏதாவது கொண்டு வரட்டுமா?" என்று கேட்க நினைத்து ‘த்ராய்கோ அல்கோ?’ என்றேன். அவர் ஒரு நிமிடம் குழம்பினார். அப்புறம் சாப்பிடும்போது என் முழங்கை பட்டு ஒரு கண்ணாடித் தம்ளர் விழுந்து நொறுங்கியது. பதறிப்போய் ‘ரொம்பி எல் பாசோ’, தம்ளரை உடைத்துவிட்டேன், என்றேன். தோழியின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ‘நோ, நோ, செ தே காயோ’ என்று இரண்டு முறை சொன்னார். என்னைத் தேற்றுகிறார் என்று தெரிந்தது. என் வாக்கியத்தையும் திருத்துகிறார் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

அன்று இரவு படுத்தபடி யோசித்தேன். ‘மே துவேலே லா கபேசா’ என்பதை ஆங்கிலப் புத்தகம் அரைப் பக்கம் விளக்குகிறது. தமிழில் அது "எனக்குத் தலை வலிக்கிறது", அவ்வளவுதான். அப்படியானால் இத்தனை நாள் தப்பான வாசல் வழியாக நுழைந்துகொண்டிருந்தேனோ? தமிழிலிருந்து நேராக ஸ்பானிஷுக்குப் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

#2 பனங்கற்கண்டு

பன்னிரண்டு வருடமாக ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்கிறேன். என் மாணவர்களில் பாதிப்பேர் தமிழ் பேசுகிறவர்கள். உங்கள் கேள்வியைப் பார்த்ததும் கொஞ்சம் விரிவாகவே எழுதத் தோன்றியது.

முதலில் எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்பானிஷில் பி, வி என்ற இரண்டு எழுத்துக்கும் ஒலி ஒன்றுதான். சொல்லின் முதலில் அழுத்தமாக வரும், உயிரெழுத்துகளுக்கு நடுவில் மெலிந்துவிடும். தமிழில் ‘தலை’யில் உள்ள த-வும் ‘அது’வில் உள்ள த-வும் வேறுபடுவதைப் போலத்தான். அதனால் முதலில் வந்தால் ப, நடுவில் வந்தால் வ என்று எழுதுகிறேன்.

சரி, வினைக்கு வருவோம். ஆங்கிலத்தில் பிடிப்பதும் வலிப்பதும் மறப்பதும் எல்லாம் "நான்" செய்யும் காரியங்கள். தமிழில் அவை "எனக்கு" நேர்கிறவை. ஸ்பானிஷும் இந்தக் கட்சிதான். ‘மே’ என்ற சிறு சொல்லை "எனக்கு" என்று மனதில் வைத்துக்கொண்டால் ஒரு பெரிய கூட்டமே கைக்குள் வந்துவிடும். மே குஸ்தா: எனக்குப் பிடிக்கிறது. மே பாரேசே: எனக்குத் தோன்றுகிறது. மே ஃபால்தா: எனக்குக் குறைகிறது, இன்னும் வேண்டியிருக்கிறது. மே இம்போர்தா: எனக்கு அது முக்கியம். மே தோகா: இது என் முறை, எனக்கு வந்திருக்கிறது. மே தா மியேதோ: எனக்குப் பயமாக இருக்கிறது. சொல்லுக்குச் சொல் பார்த்தால் "எனக்குப் பயம் தருகிறது".

ஆங்கிலம் வழியாக வருகிறவர் ‘மே குஸ்தா’வை மூளைக்குள் தலைகீழாகத் திருப்பிப் போட்டு, பிறகு பேச வேண்டும். நமக்கு அந்த வேலையே இல்லை. இதை முதல் வகுப்பில் சொன்னவுடன் மாணவர்கள் முகத்தில் வரும் தெளிச்சிக்காகவே இந்தத் தொழிலில் இருக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. ஒரு மனிதரைப் பற்றி ‘மே குஸ்தா’ என்றால் பெரும்பாலும் காதல் நினைப்பு என்று எடுத்துக்கொள்வார்கள். "அவரை எனக்குப் பிடிக்கும், நல்ல மனிதர்" என்பதற்கு ‘மே காயே பியென்’ என்று சொல்லுங்கள். நேர்ப்பொருள் "எனக்கு நன்றாக விழுகிறார்". மேலாளரைப் பற்றிப் பேசும்போது இந்த வேறுபாடு முக்கியம்.

இன்னொன்று, பசியும் தாகமும் இந்தக் கூட்டத்தில் சேரவில்லை. "எனக்குப் பசிக்கிறது" என்பதற்கு ‘தெங்கோ ஆம்ப்ரே’, என்னிடம் பசி உண்டு. தாகம், தூக்கம், குளிர், வயது எல்லாம் இப்படித்தான். ‘தெங்கோ 30 ஆன்யோஸ்’ என்றால் எனக்கு 30 வயது. இவற்றைத் தனியாக மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை.

#3 செம்பருத்தி

மாட்ரிட்டில் ஒன்பது வருடம். சமையலறை வேலை. வைகைக்கரை, அந்தத் தம்ளர் விஷயத்தை நான் சொல்கிறேன், ஏனென்றால் என் வேலையில் தினமும் ஏதாவது விழும்.

தமிழில் "உடைத்தேன்" வேறு, "உடைந்தது" வேறு. "கை தவறி விழுந்துவிட்டது" என்றுதான் நாம் சொல்வோம். நீங்கள் ‘ரொம்பி’ என்று சொன்னது இலக்கணப் பிழை இல்லை. ஆனால் வேண்டுமென்றே உடைத்தவரும் அப்படித்தான் சொல்வார். நீங்கள் சொல்லியிருக்க வேண்டியது ‘செ மே காயோ’. அதில் ‘செ காயோ’ என்பது "விழுந்துவிட்டது". நடுவில் உள்ள ‘மே’ அதே "எனக்கு". பொருள் தானாக விழுந்தது, அந்தப் பாதிப்பு எனக்கு. தோழியின் அம்மா ‘மே’வை ‘தே’ ஆக்கி, "உனக்கு அப்படி நேர்ந்துவிட்டது" என்று சொல்லியிருக்கிறார். நல்ல மனுஷி.

இதே அச்சில் வார்த்தவை இன்னும் சில, எல்லாம் தினமும் காதில் விழுகிறவை. செ மே ஒல்விதோ: எனக்கு மறந்துபோய்விட்டது. செ மே பெர்தியெரோன் லாஸ் யாவெஸ்: சாவியெல்லாம் தொலைந்துபோய்விட்டது. செ மே கெமோ எல் அரோஸ்: சோறு அடிப்பிடித்துவிட்டது. செ மே இசோ தார்தே: எனக்கு நேரமாகிவிட்டது. கடைசியை மட்டும் தமிழோடு ஒட்டவைத்துப் பாருங்கள், தையல் தெரியாது.

நான் வந்த புதிதில் வேலை செய்த இடத்தில் சோறு தீய்ந்ததற்கு "நான் தீய்த்தேன்" என்ற பொருளில் ‘கெமே எல் அரோஸ்’ என்று சொல்லிவிட்டு, பொறுப்பாளரிடம் பத்து நிமிடம் திட்டு வாங்கினேன். ‘செ மே’ என்று தொடங்கியிருந்தால் திட்டு இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

மேலே உள்ள ‘யாவெ’யைக் கவனித்தீர்களா? போர்த்துகீசிய மொழியில் அதன் உடன்பிறப்புதான் நம்மிடம் ‘சாவி’யாக இருக்கிறது. மேசை, அலமாரி இரண்டும் அதே வழியில் வந்தவை. ஸ்பானிஷில் மேசா, அர்மாரியோ.

#4 கொடிக்கால்

புவெனோஸ் அயரெஸ், ஐந்தாவது வருடம். எல்லோரும் தமிழை வைத்துப் பந்தல் போடும்போது நான் ஒரு காலைப் பிடுங்குகிறேன், மன்னியுங்கள்.

ஆசிரியர் சொன்ன ‘குஸ்தா’வையே எடுத்துக்கொள்வோம். தமிழில் "எனக்கு மாம்பழம் பிடிக்கும்", "எனக்கு அவரைப் பிடிக்கும்". இரண்டாவதில் ஐ உருபு இருக்கிறது. அதாவது பிடிக்கப்படுகிற பொருள் நமக்கு எழுவாய் இல்லை. பத்து மாம்பழம் இருந்தாலும் ‘பிடிக்கும்’ மாறாது. ஸ்பானிஷில் மாம்பழம்தான் எழுவாய். ஒன்று என்றால் மே குஸ்தா எல் மாங்கோ, பல என்றால் மே குஸ்தான் லோஸ் மாங்கோஸ். தமிழை நம்பிப் போன நான் இரண்டு வருடம் ‘மே குஸ்தா லோஸ் மாங்கோஸ்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். யாரும் திருத்தவில்லை. பொருள் புரிந்துவிடுகிறதே.

அடுத்தது, எல்லோரையும் அடித்துப்போடும் செர், எஸ்தார். இரண்டுக்கும் நம்மிடம் ஒரே ‘இரு’தான். அவள் உயரமாக இருக்கிறாள், அவள் களைப்பாக இருக்கிறாள். முதலாவது செர், அதனால் எஸ் அல்தா. இரண்டாவது எஸ்தார், அதனால் எஸ்தா கன்சாதா. இங்கே தமிழ் என்ன உதவி செய்கிறது? ஒன்றும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ‘இரு என்றால் எஸ்தார்’ என்று போனால் குழியில்தான் விழுவோம்.

என் கருத்து இது. தொடக்கத்தில் தமிழ் ஊன்றுகோல், சரி. ஆறு மாதத்துக்கு மேல் அதைப் பிடித்துக்கொண்டே நடக்கக் கூடாது.

#5 பனங்கற்கண்டு

குஸ்தான் விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி, நான் விட்டது தவறு. ‘வலி’யை வைத்துத் தொடங்கினால் இந்தச் சிக்கல் குறையும். "கால்கள் வலிக்கின்றன" என்று எழுத்துத் தமிழில் வினை பன்மைக்கு மாறுகிறது, மே துவேலென் லோஸ் பியேஸ் என்று அங்கேயும் மாறுகிறது. அந்த அச்சில் குஸ்தாவை வார்த்துக்கொள்ள வேண்டும். (மாங்கோ என்ற சொல்லே நம் கரையிலிருந்து போர்த்துகீசியர் வாங்கிக்கொண்டு போனது. அது அங்கே எழுவாயாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.)

செர், எஸ்தார் பற்றி மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். தமிழில் ‘இரு’ வருமா வராதா என்று பாருங்கள். "அவர் டாக்டர்." "இது தேக்கு மரம்." "இன்று திங்கட்கிழமை." "நான் மதுரைக்காரன்." இவற்றில் வினையே இல்லை. தமிழில் வினை இல்லாத அந்த வெற்றிடத்தில்தான் ஸ்பானிஷ் செர் போய் உட்காருகிறது. "அவர் வீட்டில் இருக்கிறார்", "கதவு திறந்திருக்கிறது", "சமைத்துக்கொண்டிருக்கிறேன்" எல்லாவற்றிலும் ‘இரு’ வருகிறது, ஸ்பானிஷில் எஸ்தார். எஸ்தார் ‘நிற்றல்’ என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்தது. நிற்பதற்கு இடம் வேண்டும், நிலை வேண்டும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. இடம் கேட்டால் எஸ்தார் என்பது விதி, ஆனால் விழா, கூட்டம் போன்ற நிகழ்ச்சிகளுக்கு மட்டும் செர் வரும். ஆங்கில வழி மாணவர்கள் இதை விதிவிலக்கு என்று எழுதி மனப்பாடம் செய்கிறார்கள். தமிழில் கேட்டுப் பாருங்கள். "மண்டபம் எங்கே இருக்கிறது?" தோந்தே எஸ்தா எல் சலோன்? "கல்யாணம் எங்கே?" தோந்தே எஸ் லா போதா? "கல்யாணம் எங்கே இருக்கிறது" என்று நம்மில் யாரும் கேட்க மாட்டோம். அது விதிவிலக்கே இல்லை, நம் காதுக்குப் பழகிய சங்கதி.

பண்புச் சொற்களில்தான் உண்மையான சிக்கல், கொடிக்கால் சொன்ன உயரமும் களைப்பும். இங்கே தமிழ் இரண்டையும் "ஆக இரு" என்று ஒரே பையில் போட்டுவிடுகிறது. அதனால் நான் வேறு கேள்வி கேட்கச் சொல்வேன். அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்கிறீர்களா, இப்போது எப்படித் தென்படுகிறார் என்று சொல்கிறீர்களா? எஸ் குவாபா என்றால் அழகானவள். எஸ்தாஸ் குவாபா என்றால் இன்றைக்கு அழகாக இருக்கிறாய். சூப்பை ஒரு வாய் குடித்துவிட்டு எஸ்தா ரிகா என்கிறோம், இந்தச் சூப் நன்றாக வந்திருக்கிறது என்று.

நிரந்தரம் என்றால் செர், தற்காலிகம் என்றால் எஸ்தார் என்று சில புத்தகங்களில் போட்டிருக்கும். அதைத் தயவுசெய்து அடித்துவிடுங்கள். ‘எஸ்தா முவெர்தோ’ என்றால் இறந்துவிட்டார். சாவைவிட நிரந்தரம் எது? ஆனாலும் அது எஸ்தார்தான், ஒரு மாற்றத்தின் முடிவில் வந்து நின்ற நிலை என்பதால். தமிழிலும் "செத்துக் கிடக்கிறது" என்று ஒரு நிலையாகத்தானே சொல்கிறோம்.

#6 வைகைக்கரை

சார், "கல்யாணம் எங்கே" என்பதைப் படித்துவிட்டுச் சத்தமாக நாலு தரம் சொல்லிப் பார்த்தேன். ஏழு மாதமாக முட்டிக்கொண்டிருந்த கதவு திறந்தது போல இருக்கிறது. நன்றி.

அப்படியே அந்த ‘த்ராய்கோ’ விஷயத்தையும் யாராவது சொல்லுங்கள். "கொண்டு வா" என்பதற்கு த்ராயெர் என்றுதானே அகராதியில் இருக்கிறது?

#7 கொடிக்கால்

இது தமிழ் காலை வாரிவிடும் இடம், நானே சொல்கிறேன்.

"நாளைக்கு உங்கள் வீட்டுக்கு வருகிறேன்." நாம் கேட்பவர் பக்கம் போய் நின்றுகொண்டு பேசுகிறோம், அது நம் மரியாதை. ஸ்பானிஷில் பேசுபவர் நிற்கிற இடம் மட்டும்தான் கணக்கு. நான் நிற்கும் இடத்தை நோக்கி வந்தால் பெனீர், மற்ற எல்லாம் இர். அதனால் "உங்கள் வீட்டுக்கு வருகிறேன்" என்பது ‘போய் ஆ து காசா’, அதாவது போகிறேன். வாசல் மணி அடித்தால் உள்ளேயிருந்து நாம் "இதோ வரேன்" என்போம், அவர்கள் ‘யா போய்’ என்பார்கள், இதோ போகிறேன். ‘பெங்கோ’ என்று சொன்னால் வெளியே நிற்பவருக்கு ஒன்றும் விளங்காது.

கொண்டு வருவதும் கொண்டு போவதும் இதே கணக்குதான். நான் இருக்கும் இடத்துக்கு என்றால் த்ராயெர், இங்கிருந்து வேறெங்கோ என்றால் யெவார். நீங்கள் உங்கள் வீட்டில் நின்றுகொண்டு தோழி வீட்டுக்கு எடுத்துப்போவதைப் பற்றிக் கேட்டீர்கள். அதனால் ‘யெவோ அல்கோ?’ என்று கேட்டிருக்க வேண்டும்.

நினைவில் நிறுத்த ஒரு வழி: ‘போய்’ என்ற ஸ்பானிஷ் சொல் "போகிறேன்" என்ற பொருளில் வருகிறது. தமிழிலும் போய் என்றால் போய்தான். உறவு ஒன்றும் கிடையாது, வெறும் தற்செயல். ஆனால் எனக்கு இந்த வினை மறக்கவே இல்லை.

‘யெவார்’ இன்னொரு வேலையும் செய்யும். ‘யெவோ சிங்கோ ஆன்யோஸ் அகீ’ என்றால் நான் இங்கே வந்து ஐந்து வருடம் ஆகிறது. ஐந்து வருடத்தைச் சுமந்துகொண்டு இங்கே நிற்கிறேன் என்பது போல ஒரு படம். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இந்த வாக்கியம் தினமும் தேவைப்படும்.

#8 செம்பருத்தி

கொடிக்கால் தம்பி நாடு நாடாக மாறும் சொற்களை எழுதுவார் என்று காத்திருந்தேன், எழுதவில்லை. நான் இரண்டு மட்டும் சொல்லிவிடுகிறேன், பெண்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இங்கே ஸ்பெயினில் பஸ் பிடிப்பது, பேனா எடுப்பது எல்லாம் ‘கொஹெர்’. மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் அதே சொல் கொச்சையான உடலுறவுச் சொல். அங்கே ‘தொமார்’ என்று சொல்லிவிடுங்கள், எல்லா நாட்டிலும் செல்லும்.

அடுத்தது ‘மே தா பேனா’. இங்கே அதற்குப் பொருள் "பாவமாக இருக்கிறது, வருத்தமாக இருக்கிறது". மெக்சிகோவில் பெரும்பாலும் "கூச்சமாக இருக்கிறது". மெக்சிகோக்காரத் தோழி ஒருத்தி ‘மே தா பேனா’ என்று சொன்னபோது யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து அவளைக் கட்டிக்கொண்டேன். கூட்டத்தில் பேசக் கூச்சம் என்று சொல்ல வந்திருக்கிறாள்.

#9 கொடிக்கால்

அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் ‘நீ’ என்பதற்கு ‘தூ’ கிடையாது, ‘போஸ்’. வினையும் மாறும்: தூ தியெனெஸ் என்பது போஸ் தெனேஸ் ஆகும், தூ எரெஸ் என்பது போஸ் சோஸ் ஆகும். மரியாதைக்கு ‘உஸ்தெத்’. பழைய காலத்து "தங்கள் கருணை" என்ற விளி தேய்ந்து உண்டான சொல் அது. அதனால்தான் எதிரே நிற்பவரிடம் பேசினாலும் வினை படர்க்கையில் வருகிறது. "தாங்கள்" என்று சொல்லிப் பழகிய நமக்கு இதன் ருசி தெரியும். ஆனால் கொலம்பியாவின் பொகோதாவில் அண்ணன் தம்பிகூட ஒருவரையொருவர் உஸ்தெத் என்று பேசிக்கொள்வது உண்டு. மரியாதை என்று மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது.

#10 நீர்முள்ளி

நான் கல்லூரி மாணவி, முதல் நிலைத் தேர்வுக்குப் படிக்கிறேன். சாபெர், கொனோசேர் இரண்டுக்கும் "தெரியும்" என்றுதான் குறித்து வைத்திருக்கிறேன். அதுவும், இறந்தகாலம் இரண்டு வகை இருக்கிறதே, அதிலும் குழப்பம். யாராவது விளக்க முடியுமா?

#11 செம்பருத்தி

தங்கச்சி, செய்தியும் திறமையும் என்றால் சாபெர். ஆளும் இடமும் பழக்கம் என்றால் கொனோசேர். "நீச்சல் தெரியும்" சே நதார். "உன் அக்காவைத் தெரியும்" கொனோஸ்கோ ஆ து எர்மானா. தமிழில் ‘ஐ’ போட்டு "அவரைத் தெரியும்", "அந்த ஊரைத் தெரியும்" என்று வந்தால் பெரும்பாலும் கொனோசேர் என்று வைத்துக்கொள்.

இறந்தகாலத்துக்கு நான் கண்டுபிடித்த வழி இது. தமிழில் "எனக்கு அப்போதே தெரியும்" என்கிறோம். பழைய கதை, ஆனால் சொல் ‘தெரியும்’. அது ‘லோ சபீயா’. "எனக்கு நேற்றுதான் தெரிந்தது" என்றால் ‘லோ சூபே ஆயேர்’. முன்பே உள்ளே இருந்த அறிவு ஒன்று, ஒரு நொடியில் வந்து சேர்ந்த அறிவு இன்னொன்று. அதே மாதிரி "சின்ன வயதில் தினமும் ஆற்றுக்குப் போவேன்." நடந்து முடிந்ததைத்தான் சொல்கிறோம், ஆனாலும் ‘போவேன்’ என்கிறோம். அந்தப் போவேன்தான் ‘இபா’. "நேற்று ஆற்றுக்குப் போனேன்" என்பது ‘ஃபுயி’. பாட்டி கதை சொல்லும்போது வரும் வருவார், போவார், உட்காருவார் எல்லாவற்றையும் நினைத்துக்கொள். அவையெல்லாம் அந்த இபா வகை. பாட்டி "ஒருநாள் என்ன ஆச்சு தெரியுமா" என்று தொடங்கும் இடத்தில் வினை ஃபுயி வகைக்குத் தாவிவிடும்.

#12 பனங்கற்கண்டு

பாட்டி உதாரணத்தை வகுப்பில் எடுத்துக்கொள்கிறேன், அனுமதி உண்டா?

‘கொனோஸ்கோ ஆ து எர்மானா’வில் இருக்கும் அந்த ‘ஆ’வைப் பற்றி ஒரு வரியாவது எழுதாமல் போக முடியாது. மனிதர் செயப்படுபொருளாக வந்தால் ஸ்பானிஷ் ‘ஆ’ சேர்க்கிறது, பொருளுக்குச் சேர்ப்பதில்லை. தமிழில் "படம் பார்த்தேன்" என்கிறோம். "கண்ணன் பார்த்தேன்" என்று சொல்ல முடியாது, கண்ணனைப் பார்த்தேன் என்றே ஆக வேண்டும். இரண்டு மொழிக்கும் ஒரே உள்ளுணர்வு. இதைவிட நுட்பம் ஒன்று உண்டு. "டாக்டர் தேடிக்கொண்டிருக்கிறேன்" என்றால் யாராவது ஒரு டாக்டர், பூஸ்கோ உன் மெதிகோ. "ஒரு டாக்டரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்" என்றால் மனதில் ஒரு குறிப்பிட்ட ஆள், பூஸ்கோ ஆ உன் மெதிகோ. உலகத்தின் இரண்டு கோடியில் இருக்கும் மொழிகள் இவை. ஒன்றுக்கொன்று உறவே இல்லாமல் இதே இடத்தில் வந்து நிற்பது எனக்கு ஒவ்வொரு வருடமும் ஆச்சரியமாகவே இருக்கிறது.

#13 நீர்முள்ளி

நன்றி அக்கா, நன்றி சார். கடைசியாக ஒன்று. ‘கெதார்’ என்ற வினைக்கு அகராதியில் பத்துப் பொருளுக்கு மேல் இருக்கிறது. எல்லாவற்றையும் படிக்க வேண்டுமா?

#14 கொடிக்கால்

படிக்காதே. "மிஞ்சி நிற்பது" என்று ஒன்றை மட்டும் வைத்துக்கொள். மே கெதான் 20 பேசோஸ்: என்னிடம் 20 பேசோ மிச்சம். மே கேதோ என் காசா: எல்லோரும் போகட்டும், நான் வீட்டில் தங்குகிறேன். தோந்தே கேதா லா எஸ்தாசியோன்: ஸ்டேஷன் எந்தப் பக்கம். தே கேதா பியென்: இந்தச் சட்டை உனக்குப் பொருந்துகிறது. செ கேதோ பியூதா: கணவர் போய்விட்டார், அவள் விதவையாக நின்றாள். பேசி முடித்ததும் எது மிஞ்சுகிறதோ அதுவும் கெதார்தான். ‘கெதாமோஸ் ஆ லாஸ் ஓச்சோ’ என்று ஸ்பெயினில் சொன்னால் எட்டு மணிக்குச் சந்திப்பதாக முடிவு.

#15 பனங்கற்கண்டு

எல்லோரும் பயப்படும் ‘சுப்ஹுந்திவோ’ பற்றி, அதாவது ஆசை, வேண்டுதல், சந்தேகம் போன்றவற்றைச் சொல்ல வரும் வினை வடிவம் பற்றி, யாரும் எழுதவில்லை. அதன் பெரிய பரப்பை இங்கே தொட முடியாது. ஒரு வாசல் மட்டும் காட்டுகிறேன். "வாழ்க, வருக, செல்க, மழை பெய்யட்டும், நலமாகட்டும்" என்று நம் இலக்கணத்தில் வியங்கோள் இருக்கிறது. வாழ்த்துக்கும் வேண்டுதலுக்கும் உள்ள வடிவம். ‘பீவா மெஹிகோ’வில் வரும் பீவா அப்படியே நம் ‘வாழ்க’. கே தே வாயா பியென்: உனக்கு எல்லாம் நல்லபடியாகப் போகட்டும். கே தெஸ்கான்ஸெஸ்: நன்றாக ஓய்வெடு. கே செ மெஹோரே: குணமாகட்டும். ஒஹாலா யுவேவா: மழை பெய்யட்டுமே. இந்த ஒஹாலா அரபு மொழியிலிருந்து வந்தது, "இறைவன் நாடினால்" என்ற கருத்துள்ள தொடர்.

‘கே’ போட்டு, ‘ட்டும்’ வரும் இடத்தில் இந்த வடிவம் என்று தொடங்குங்கள். சந்தேகம், மறுப்பு, எதிர்காலம் எல்லாம் பின்னால் வந்து சேரும்.

#16 வைகைக்கரை

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நேற்று மறுபடி அந்த வீட்டுக்குப் போனேன். போகும் முன் போனில் ‘யெவோ அல்கோ?’ என்று கேட்டேன். "ஒன்றும் வேண்டாம், நீ வந்தால் போதும்" என்றார்கள். ஆனாலும் சந்தையில் ஆறு கண்ணாடித் தம்ளர் வாங்கிக்கொண்டு போனேன். அம்மா ஏன் இதெல்லாம் என்றார். ‘செ மே காயோ’ என்று சொல்லித் தொடங்கி, போன தடவை ஒன்று விழுந்ததே, அதற்காக, என்று முழு வாக்கியமாகச் சொல்லி முடித்தேன். அவர் தலையசைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார், எங்கேயும் திருத்தவில்லை.

அப்புறம் தம்ளர்களைக் கழுவி மேசையில் வைத்து, ‘லோஸ் எஸ்த்ரெனாமோஸ்?’ என்றார். எல்லோரும் சிரித்துக்கொண்டே சரி என்றார்கள். புளிச்சகீரை இனத்துச் செடியின் சிவப்புப் பூவிதழ் மாதிரி ஒன்றைக் காயவைத்து ஊறப்போட்டு, ஹமாய்கா என்று ஒரு பானம் செய்கிறார்கள். அதை ஆறு தம்ளரிலும் ஊற்றினார். அந்த எஸ்த்ரெனார் என்ற வினைதான் எனக்குத் தெரியவில்லை. கேட்கக் கூச்சமாக இருந்தது. மே தியோ பேனா!

#17 செம்பருத்தி

புதுசை முதல்முதலாக எடுத்துப் பயன்படுத்துவதற்கு ஒரே சொல் அது. தீபாவளி அன்று காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுப் புதுசு கட்டுகிறோமே, அந்தக் "கட்டுகிறோம்" எஸ்த்ரெனார். செருப்புக்கும் உண்டு, வீட்டுக்கும் உண்டு, தம்ளருக்கும் உண்டு. நீங்கள் வாங்கிப்போனதை அலமாரியில் பூட்டி வைக்காமல் உங்களோடு உட்கார்ந்தே புதுசு எடுத்திருக்கிறார்கள். அடுத்த முறை போகும்போது அந்தத் தம்ளரிலேயே கேட்டு வாங்கிக் குடியுங்கள்.